பிரேக் விளக்கும் கருவாடும்

என் மனைவியின் தம்பி என்னைக் கொல்லப் பார்த்தான் என்று ஒரு வாரம் முழுக்க ராயபுரத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். டீக்கடையில் சொன்னேன். ஹார்பரில் என்னோடு சரக்கு எண்ணும் குமாஸ்தாக்களிடம் சொன்னேன். மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்த சாமியாரைக்கூட விடவில்லை. சொல்லச் சொல்லக் கதையில் காரின் வேகம் ஏறிக்கொண்டே போனது. கடைசியாகச் சொன்ன வேகத்தில் ஓட, அந்தக் காருக்கு இன்னும் இரண்டு இன்ஜின் தேவைப்பட்டிருக்கும்.

எமர்ஜென்சிக்கு முந்தைய வருஷம் அது. ஊரைவிட்டுப் போன ஏதோ ஒரு துரையின் பழைய கார், பல கை மாறி என் தலையில் வந்து விழுந்திருந்தது. அதன் பிரேக்குக்கு எண்ணெய் போக ஒரே வழிதான். எங்காவது ஓரிடத்தில் ஒழுகினால் நாலு சக்கரமும் சேர்ந்து கைவிட்டுவிடும். மச்சான் திருவொற்றியூரில் ஒரு லாரி ஷெட்டில் ஃபிட்டர். எனக்கும் அவனுக்கும் கல்யாணப் பந்தியிலேயே ஆகவில்லை. "மாப்பிள்ளைக்கு வாய் மட்டுந்தான் வேலை செய்யுது" என்று அவன் யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்து, அங்கேயே தங்கிவிட்டது.

அப்படிப்பட்டவன் என் காருக்குப் புது பிரேக் போட வந்தது பாசத்தால் அல்ல. வண்ணாரப்பேட்டை பாய் ஒருவருக்கு மாதவரத்தில் ஆறு லாரிகள். "உங்கக்கா புருஷன் வண்டில செஞ்சி காட்டு தம்பி. நல்லா நின்னா ஆறு வண்டியும் நீயே பாரு" என்று அவர் சொல்லியிருந்தார். அந்த ஆறு லாரிகள் கிடைத்தால் மச்சான் முதலாளியின் வசவிலிருந்து தப்பித்துச் சொந்தமாக ஷெட் போடலாம். கிடைக்காவிட்டால் ஆயுசுக்கும் அடுத்தவன் லாரிக்கு அடியில்தான்.

புதுப்பேட்டையில் உடைத்துப் போட்டிருந்த ஒரு வெளிநாட்டு வண்டியிலிருந்து பிரேக் சாமான்களைக் கொண்டுவந்தான். முன்சக்கரங்களுக்கு ஒரு வழி, பின்சக்கரங்களுக்கு ஒரு வழி. ஒன்று போனாலும் மற்றது நிறுத்தும். இரண்டுக்கும் நடுவே ஒரு பித்தளைக் கட்டை. அதற்குள் விரல் நுனியளவு உருளை ஒன்று. இரண்டு பக்கமும் அழுத்தம் சமமாக இருந்தால் நடுவில் நிற்கும். ஒரு பக்கம் குறைந்தால் அந்தப் பக்கம் ஓடி, மேலே மாட்டியிருக்கும் சுவிட்சின் முள்ளைத் தள்ளும். உடனே டிரைவர் முகத்துக்கு நேரே சிவப்பு விளக்கு எரியும்.

எண்ணெயில் உள்ள காற்றை எடுக்க அவன் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டான். நான் சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதித்தேன்.

"மெதுவா மாமா! தேளா கீது, அப்டி மிதிக்கிற?"

பந்திப் பேச்சு நினைவுக்கு வந்தது. இன்னும் ஓங்கி மிதித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மனைவியைப் பின்சீட்டில் உட்காரவைத்து எண்ணூர் பக்கம் போனேன். முகத்துவாரக்குப்பத்தை நெருங்கும்போது ஒரு பள்ளத்தில் வண்டி குலுங்கியது. சிவப்பு விளக்கு எரிந்தது.

அடுத்து நடந்ததை நிதானமாகச் சொல்கிறேன். அன்றைக்கு என்னிடம் நிதானம் இல்லை. "பிரேக் போச்சு!" என்று கத்தினேன். மாதாவைக் கூப்பிட்டேன். அந்தோணியாரைக் கூப்பிட்டேன். கையை ஆரன் மேலேயே வைத்துக்கொண்டேன். எதிரே ரோட்டோரம் நீளத்துக்குப் பாய் விரித்துக் கருவாடு காயப்போட்டிருந்தார்கள். மாட்டுவண்டி வேகத்தில் கார் அதன்மேல் ஏறி, நெத்திலியையும் வாளையையும் அரைத்துக்கொண்டே போய், மணலில் புதைந்து, தானாக நின்றது.

ஒரு பெண் பிளாஸ்டிக் கூடையோடு ஓடிவந்தாள்.

"யோவ்! கண்ண எங்க அடகு வெச்சே? ரோடு இம்மாம் பெரிசா கீது, ஏன் எங்க கருவாட்டு மேல ஏத்துறே?"

"பிரேக் புட்டுக்கிச்சும்மா! என் மச்சான் பண்ண வேலை!"

"ஒம் மச்சானா ஓட்டிக்கினு வந்தான்? எறங்குடா கஸ்மாலம்!"

நசுங்கிய கருவாடு முழுவதையும் நாங்களே காசு கொடுத்து எடுத்துக்கொள்ள வேண்டும் என்று தீர்ப்பானது. காரை ஒரு மாட்டுவண்டிக்குப் பின்னால் கட்டி வீடு வரை இழுத்து வந்தோம். மனைவி மடியில் கூடையை வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள்.

அந்த வாரம்தான் நான் முதலில் சொன்ன பிரசாரம். அது லாரி பாய் காதுக்கும் போனது. அடுத்த ஞாயிறு காலை வந்து பார்ப்பதாகச் சொல்லியனுப்பினார். மச்சான் என் வாசலில் வந்து நின்றான்.

"இன்னா மாமா, நான் உன்ன சாவடிக்கப் பாத்தேனா? ஆறு வண்டி போச்சின்னா உன் வாய்க்கு சந்தோசமா?"

"விளக்கு எரிஞ்சுதாடா இல்லையா?"

"எரிஞ்சா? வண்டிய எங்கிட்ட காட்டுனியா நீ?"

"உன் கையில இனிமே சைக்கிள்கூடக் குடுக்க மாட்டேன்!"

சபதத்தைக் காப்பாற்ற நானே புது சுவிட்ச் ஒன்று தேடி வாங்கினேன். பழையதைக் கழற்றினேன். அதன் முள் வளைந்திருந்தது. ஆகா, குற்றவாளி அகப்பட்டான் என்று புதியதைத் திருகினேன். விளக்கு அதே சிவப்பில் எரிந்தது. இன்னும் இறுக்கித் திருகினேன். அதற்கு என்மேல் மச்சானைவிட அதிக விரோதம் இருந்ததுபோல எரிந்துகொண்டே இருந்தது.

அந்த நேரத்தில் பாய் வந்து இறங்கினார். பின்னாலேயே மச்சான். என்னைக் கேட்காமலே பானெட்டுக்குள் தலையை விட்டு, நான் மாட்டிய சுவிட்சைக் கழற்றி எடுத்து, அவரிடம் காட்டினான்.

"பாருங்க பாய். இதுவும் வளைஞ்சிட்சி. உள்ள இருக்கிற உருளை ஓரமா ஒதுங்கிக் கீது. அத நடுவுக்குக் கொண்டாராம எத்தினி சுவிட்சு மாட்டினாலும் வேஸ்ட்டு. காத்து எடுக்க சொல்லோ எகிறி எகிறி மிதிச்சாரு. அதுலதான் ஒதுங்கி, முள்ளு வளைஞ்சி, பள்ளத்துல குலுங்கனதும் ஒட்டிக்கினு எரிஞ்சிகீது."

பெடலை மிதிக்க ஆள் வேண்டியிருந்தது. நான் கதவைத் திறந்தேன்.

"நீ வாணாம். அக்கா, நீ ஏறு. மாமா அந்தாண்ட போயி நிக்கட்டும்."

என் காரில், என் சீட்டில், என் மனைவி ஏறி உட்கார்ந்தாள். உருளை எதிர்ப்பக்கம் நகர, அவன் ஒரு சக்கரத்தின் பின்னால் உள்ள சின்னத் திருகைத் தளர்த்தி அழுத்தத்தைக் குறைத்தான். பாய் டார்ச் அடித்து, சுவிட்ச் இருந்த ஓட்டைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பூப்போல மிதித்தாள். "வந்திச்சி, வந்திச்சி, நிறுத்து!" என்றார் பாய். திருகை இறுக்கினான். சட்டைப்பையிலிருந்து வேறொரு சுவிட்சை எடுத்துக் கையாலேயே திருகி, ஒயரை மாட்டினான். விளக்கு அணைந்தது.

பாய் முகம் மட்டும் தெளியவில்லை.

"விளக்குக் கத சரி தம்பி. எண்ணெயும் கொறையல, ஒழுகவும் இல்ல. அப்போ அன்னிக்கி வண்டி ஏன் நிக்கல? அதச் சொல்லு. எம் டிரைவருங்களுக்கும் புள்ளகுட்டி கீது."

மச்சான் மறுபடியும் பானெட்டுக்குள் பார்த்தான். அன்று வண்டியில் அவன் இல்லையே. கையில் ஸ்பானரோடு நின்றான். பாய் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பப் பார்த்தார். மனைவி ஸ்டீயரிங்குக்குப் பின்னாலிருந்து என்னையே பார்த்தாள். அவள் பின்சீட்டில் இருந்து எல்லாவற்றையும் பார்த்தவள். ஆரனை ஒரே ஒரு தரம் அழுத்தினாள். அதுதான் பயமாக இருந்தது.

"பாய்," என்றேன். "நான் பெடலை மிதிக்கல."

"இன்னாது?"

"விளக்கு எரிஞ்சதும் பிரேக் போச்சுன்னு முடிவு பண்ணிட்டேன். போன பிரேக்கை எதுக்கு மிதிக்கணும்னு..."

"காலு எங்க இருந்திச்சி?"

"சீட்டு மேல."

"ரெண்டுமா?"

"ரெண்டும்தான். சம்மணம் போட்டுட்டேன்."

பாய் சிரித்த சிரிப்புக்கு எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன. வண்டியை அவரே எடுத்துக்கொண்டு கல்மண்டபம் வரை போனார். நாலு இடத்தில் நிறுத்திப் பார்த்துத் திரும்பி வந்து, "நாளைக்கி ரெண்டு வண்டி அனுப்புறேன்" என்று மச்சானிடம் சாவியைக் கொடுத்தார். என் சாவியை.

மச்சான் நன்றி சொல்லவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க வாயெடுத்தபோது, "நான் ஷெட்டு போட்டா நீ அந்தாண்ட வந்துடாத மாமா, கஸ்டமரு பயந்துடுவான்" என்றான். அடுத்த மாதம் ஷெட் போட்டான். ஷெட்டை மந்திரித்துத் தீர்த்தம் தெளிக்கச் சாமியார் வந்தார், பாய் வந்தார், என் மனைவி போனாள். நான் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தேன். ஒரு லாரி ரிவர்ஸில் ஷெட்டுக்குள் வந்து, சுவரை ஒட்டிக் கச்சிதமாக நின்றது.