வட்டைக்கு வந்த மெக்கானிக்

போன சனிக்கிழமை கரடியனாற்றில் மச்சாளின் வயல் வட்டையில் அறுவடை. மச்சாள் என்றால் என் கணவரின் அக்கா. பாதி வயல்கூட முடியவில்லை, நெல் வெட்டும் மெசின் மக்கர் பண்ணிவிட்டது. இஞ்சின் ஓடுகிறது... மெசின் வெட்டவில்லை. வானமோ கறுத்துக்கொண்டு வருகிறது. மச்சாளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மெசின் கம்பனிக்குப் போன் அடித்தோம். முக்கால் மணி நேரத்தில் மோட்டார் சைக்கிளில் மெக்கானிக் வந்து இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றினால் — நிரோஜினி.

நானும் அவளும் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் ஒன்றாக விவசாயம் படித்தவர்கள். இருவருக்கும் ஒரே வாரத்தில் அரச நியமனக் கடிதம் வந்தது. நான் கோயிலில் அருச்சனை செய்துவிட்டு வேலையில் சேர்ந்தேன். அவள் வேண்டாம் என்றாள். மெசின் பழுதுபார்க்கப் போகிறாளாம்! அவளுக்குப் பைத்தியம் என்று எல்லோரும் சொன்னோம். நான் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு நேரே வேலையில் இறங்கினாள். படித்த பிள்ளை ஏன் இந்த வேலைக்கு வந்தது என்று மச்சாள் என் காதருகே கேட்டார்.

"பாவம், கவுண்மேந்து வேலை கிடைக்கல்ல" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? தெரியாது... இல்லை, தெரியும்.

நிரோஜினி மெசினை ஓடவிடச் சொல்லி, கண்ணை மூடிச் சத்தத்தைக் கேட்டாள். சுற்றி நின்ற நாங்கள் யாரும் அவள் நினைவில் இல்லை. எனக்கு எரிந்தது அப்போதுதான். பன்னிரண்டு வருடமாகக் கந்தோரில் பைல் பார்க்கிறேன். ஒரு பைலையாவது அப்படிப் பார்த்திருக்கிறேனா?

பக்க மூடியைத் திறந்து, தேய்ந்துபோன பெல்ட்டை மாற்றினாள். மழை விழுமுன் மெசின் வயலுக்குள் இறங்கிவிட்டது.

வயலோரக் குடில் வாசலில் மச்சாள் தேத்தண்ணி கொடுத்தார். நான் மெதுவாகச் சம்பளத்தை விசாரித்தேன். குறைவாக இருக்கவேண்டும் என்று உள்ளே ஒரு ஆசை! முதல் இரண்டு வருடம் என் சம்பளத்தில் பாதிதானாம், அம்மா அழுதாராம். இப்போது? என்னைவிடக் கூடுதலாம்.

கண்ணை மூடிக்கொண்டு குதித்தவளும் இல்லை அவள். கடிதம் வருமுன்பே ஆறு மாதம் ஒரு கராச்சில் வேலை பழகியிருக்கிறாள்.

"பிடிச்சா மட்டும் காணாது. கை வருதா எண்டும் பாக்கோணும்" என்றாள்.

அந்த நேரம் பார்த்து மச்சாள் அன்பாக ஆறுதல் சொல்லத் தொடங்கினார். "கவுண்மேந்து வேலை கிடைக்காட்டி என்ன புள்ள, நல்லாத்தானே இரிக்காய்."

நிரோஜினி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு பார்வை.

"ஓம் அக்கா" என்றாள்.

என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்... கோப்பையைக் கீழே வைத்துவிட்டு மச்சாளிடம் சொன்னேன்.

"அவவுக்குக் கிடைச்சது, மச்சாள். அவதான் வேணாமெண்டவ. நான் பொய் சொல்லிட்டன்."

மச்சாள் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நிரோஜினி கையைக் கழுவினாள். இன்னொரு வட்டையில் ஆட்கள் காத்திருக்கிறார்கள், வாறன் என்றாள். முகத்தில் கோபம் இல்லை. வந்தபோது இருந்த சிரிப்பும் இல்லை.

ஞாயிறு அவளுக்குப் போன் எடுத்து மன்னிப்புக் கேட்டேன். விடு, நீ ஏன் அப்படிச் சொன்னாய் எண்டு அப்பவே விளங்கினது என்றாள். பிறகு அரைமணி நேரம் பெல்ட்டைப் பற்றியே பேசினாள்! பொறாமை போய்விட்டதா என்கிறீர்களா? கொஞ்சமும் போகவில்லை.

வேலை தேடும் பிள்ளைகளே, அடுத்தவர் சம்பளத்தைப் பார்த்து எல்லோருக்கும்தான் பொறாமை வரும். திங்கட்கிழமைக் காலை யார் வேலைக்குப் போவதைப் பார்த்துப் பொறாமை வருகிறது... அதைக் கவனியுங்கள்.