படியில்லாத பெட்டிக்கு ஐந்து படி

ரதிதேவிக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும் என்று ஆக்லாந்தின் கிளென்ஃபீல்ட் பகுதித் தமிழர்கள் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். வருடக்கணக்கில் மற்றவர்கள் தூக்கி இறக்கும் சாமானாக இருந்து பார்த்தால், அவர்களுக்கும் அங்கேதான் நிற்கும்.

கிளிநொச்சியில் ஷெல் விழுந்து முதுகெலும்பு போனபோது அவளுக்கு இருபத்தைந்து வயது. அதன் பிறகு வள்ளத்தில் தூக்கி ஏற்றினார்கள், விமானத்தில் தூக்கி ஏற்றினார்கள், கோயில் படியிலும் கல்யாண மண்டபத்திலும் தூக்கினார்கள். தூக்கியவர்கள் எல்லோரும் நல்லவர்கள்தான். சேலை விலகியபோது அந்த நல்லவர்களும் பார்த்தார்கள். ஆக்லாந்துக்கு வந்து, சக்கர நாற்காலியோடே ஏறி, கையாலேயே பிரேக் பிடித்து ஓட்டும் வான் ஒன்றை வாங்கிய அன்று, இனி ஒருவனும் தன்னைத் தொட்டுத் தூக்கக் கூடாது என்று முடிவு கட்டினாள். தையல் மெஷினின் பெடலை முழங்கையால் அழுத்தும்படி மாற்றிக்கொண்டு, வீட்டுக் கராஜில் இருந்தே படகுகளுக்கு மெத்தை தைத்தாள். கணவர் தியாகலிங்கம் சூப்பர்மார்க்கெட்டில் வேலை செய்தார். யாரோடும் முகம் முறிக்கத் தெரியாத மனிதர்.

போன வருடம் தமிழ்ச் சங்கத் தலைவர் சுந்தரமூர்த்தி வீட்டுக்கு வந்தார். ஆல்பனியில் ஐடி வேலை பார்ப்பவர், மதுரைக்காரர்.

"அக்கா, பிள்ளைங்களுக்கு லைப்ரரி வைக்க ஒரு ரயில்பெட்டி கிடைச்சிருக்கு. சீட்டெல்லாம் கிழிஞ்சு கிடக்கு. வந்து பாக்குறீங்களா?"

பெட்டி ஒனிஹங்காவில், பழைய ரயில் சாமான்கள் சேர்த்த ஒரு கிழவரின் முற்றத்தில் நின்றது. ஐம்பதுகளில் ஐரோப்பாவில் செய்த அலுமினியப் பெட்டி. மற்ற ரயில்களில் சக்கரம் தளத்துக்கு அடியில் இருக்கும், அதனால் தளம் உயர்ந்துவிடும், ஏறப் படி வேண்டும். இதைச் செய்தவர்கள் சக்கரத்தைப் பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். தளம் தரையை ஒட்டித் தாழ்ந்தது. பெட்டி கனமில்லை, வளைவில் வேகமாகப் போனாலும் சாயாது. ரதிதேவி ஒரு பலகையைப் போடச் சொல்லி, தானே நாற்காலியை உருட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

"எழுவது வருசத்துக்கு முந்தி ஆரோ செய்த பெட்டி" என்றாள் திரும்பி வரும்போது. "எனக்காகச் செய்யேல்லை, வேகமா ஓடத்தான் செய்தவை. எண்டாலும் ஒருத்தரும் என்னைத் தூக்கேல்லை, பாத்தீங்களே?"

கூட வந்திருந்த தியாகலிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

குளிர்காலம் முழுக்க அவள் அந்தப் பெட்டிக்கு மெத்தை தைத்தாள். ஒரு சதம் வாங்கவில்லை. சங்கம் அவளையே விளக்கேற்றித் திறந்துவைக்கக் கேட்டது. அந்தப் பெட்டிக்குள் தன்பாட்டில் உருண்டு போய் விளக்கை ஏற்ற வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை இருக்கவில்லை.

திறப்பு விழா அன்று வானிலிருந்து இறங்கியவள் நாற்காலியை அப்படியே நிறுத்திவிட்டாள். சங்க மண்டபத்துக்குப் பின்னால், இடுப்புயரக் கொங்கிரீட்டின் மேல் பெட்டி நின்றது. வாசலுக்கு ஐந்து படி. ஒவ்வொரு படியிலும் கோலம் வேறு.

"படி ஏன்?" என்று கேட்டாள்.

சுந்தரமூர்த்தி பட்டுவேட்டியைச் சரிசெய்துகொண்டார். "வாஸ்துதான்க்கா. வாசல் ரோட்டை விடத் தாழ்வா இருந்தா ஆகாதுன்னு ஊர்ல ஜோசியர் போன்லயே சொல்லிட்டாரு. படியும் ஒத்தப்படையில இருக்கணும்னாரு. பாக்க எடுப்பா இருக்குல்ல?"

கேட்டீர்களா கதையை. தளத்தைத் தாழ்த்துவதற்காக யாரோ மண்டையைப் போட்டு உடைத்துச் செய்த பெட்டி அது. அதைக் கண்ணால்கூடப் பார்க்காத ஒரு ஜோசியரின் பேச்சைக் கேட்டுத் தூக்கி மேலே வைத்திருக்கிறார்கள், அறிவு கெட்டவர்கள். அத்தனை பேர் இருந்த நிர்வாகக் குழுவில் ஒருவனுக்காவது அவளுடைய நாற்காலி ஞாபகம் வரவில்லை.

"நான் எப்பிடி ஏறுறது?"

"அதுக்கென்னக்கா, நாலு பேர் இருக்கோம். அப்படியே தூக்கிட்டுப் போயிடுறோம்."

"நாலு பேர் தூக்கிறதுக்கு நான் இன்னும் சாகேல்லை."

சிரித்துக்கொண்டு முன்னால் வந்த ஆண்கள் பின்வாங்கினார்கள். நல்ல நாளும் அதுவுமாக என்ன பேச்சு என்று பின்னால் ஒரு பெண் முணுமுணுத்தாள். நல்ல நாளாம். ரதிதேவி நாற்காலியை முதல் படியோடு ஒட்டி நிறுத்திப் பிரேக்கைப் போட்டாள்.

"நான் ஏறாம இதால ஒருத்தரும் ஏறேலாது."

"அடுத்த மாசம் ராம்ப் போட்டுடலாம்க்கா. நல்ல நேரம் முடியப்போகுது."

"அப்ப அடுத்த மாசம் திறவுங்கோ."

தியாகலிங்கம் அவள் காதருகே குனிந்தார். "விடும் ரதி, சனம் பாக்குது."

"பாக்கட்டும். என்ரை பக்கம் நீங்களாவது நில்லுங்கோ. போய் அவையோட கதையுங்கோ."

அவர் போனார். கொஞ்ச நேரத்தில் கூட்டமும் கலைந்தது. மனுசன் ஒருமாதிரிப் பேசி விழாவைத் தள்ளிவைத்துவிட்டார் என்றுதான் ரதிதேவி நினைத்தாள். முதல் தடவையாக அவரைப் பற்றிப் பெருமையாகக்கூட இருந்தது.

அப்போது பெட்டிக்குள் கைதட்டல் கேட்டது. நிமிர்ந்து பார்த்தாள். ஜன்னல்களில் வரிசையாகத் தலைகள், எல்லாம் அவள் தைத்த மெத்தைகளில் சாய்ந்திருந்தன. மறுபக்கக் கதவுக்கு மேசையும் கதிரையும் அடுக்கிச் சனத்தை ஏற்றியிருந்தார்கள். விளக்கை வேறு யாரோ ஏற்றிவிட்டார்கள்.

தியாகலிங்கம் பெட்டியைச் சுற்றிக்கொண்டு வந்தார். நெற்றியில் சந்தனம், கையில் கேசரி.

"சீட் எல்லாம் நல்ல வடிவு ரதி. எல்லாரும் உம்மைத்தான் புகழுகினம்."

"இருந்து பாத்தனீங்களோ?"

அவர் கேசரியைப் பார்த்தார். "கூப்பிட்டவை. மறுக்கேலாமப் போச்சு. கொஞ்ச நேரந்தான் இருந்தனான்."

ரதிதேவி பிரேக்கை எடுத்தாள். கையை நீட்டினாள்.

"வான் திறப்பைத் தாங்கோ."

சாவியைக் கொடுத்தார். அவள் வானுக்கு உருண்டு போனாள், ஏறினாள், நாற்காலியைப் பூட்டினாள். அவர் மற்றப் பக்கம் வந்து கதவை இழுத்தார். அது திறக்கவில்லை. அவள் கண்ணாடியை இறக்கினாள்.

"நீங்கள் பஸ்ஸில வாங்கோ. உங்களுக்குத்தான் படி ஏறத் தெரியுமே."