ரெக்ஸின் கோட்டு போட்ட கம்ப்யூட்டர்

போன ஞாயிற்றுக்கிழமை கேளம்பாக்கத்தில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணன் மகள் கட்டிலில் சாய்ந்துகொண்டு, தலையணை மேல் லேப்டாப்பை வைத்து ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். பேச்சுக்கு நடுவில் திரை கறுத்துவிட்டது. "அய்ய, போச்சு" என்றாள். ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அண்ணன் தலையைக்கூட நிமிர்த்தாமல் கேட்டார்: "யாரு தொட்டது?"

அந்த அறையில் அவளைத் தவிர இருந்தது நான் மட்டும்தான். என் ஒரு கையில் வாழைக்காய் பஜ்ஜி, மறு கையில் காபி. எனக்கு மூன்றாவது கை கிடையாது என்பது அண்ணனுக்கும் தெரியும்.

"யாரும் தொடலப்பா. பில்லோ மேல வெச்சிருந்தேன், ஹீட் ஆயிடுச்சு" என்று அவள் லேப்டாப்பைத் தூக்கி மேசையில் வைத்தாள். அடியிலிருந்து சூடான பிளாஸ்டிக் வாசனை வந்தது. "ஓ, ஹீட்டா" என்று அண்ணன் மறுபடி பேப்பருக்குள் போய்விட்டார். அந்த வார்த்தையை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டவர் மாதிரி.

கடித்த பஜ்ஜியைத் தட்டில் திரும்ப வைத்தேன். நான் சத்தம் போடுகிற ஆள் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். கடைக்காரர் மீதி தர மறந்தால் பத்து நிமிஷம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வருகிற ஜாதி. அதனால் அங்கே சண்டை போடாமல், இங்கே உங்களிடம் சொல்கிறேன்.

அந்தச் சூட்டு வாசனைக்கு எங்கள் பம்மல் வீட்டில் இன்னொரு வாசனையும் சேர்ந்திருக்கும். ரெக்ஸின் வாசனை. தொண்ணூறுகளின் நடுவில் பம்மலில் குடியிருந்தவர்களுக்கு வாசனையைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. காற்று நாகல்கேணிப் பக்கமிருந்து அடித்தால் தோல் பதனிடுகிற நாற்றம், மறுபக்கமிருந்து அடித்தால் ஜல்லி உடைக்கிற கிரஷரின் தூசி. காலையில் துடைத்த டிவி மேல் மத்தியானம் விரலால் பெயர் எழுதலாம். அதனால் எங்கள் தெருவில் எல்லாப் பொருளுக்கும் உடுப்பு உண்டு. டிவிக்கு உறை, மிக்ஸிக்கு உறை, கிரைண்டருக்கு உறை. டெலிபோன் வந்த வீடுகளில் அதற்கும் பூப்போட்ட பாவாடை. மனுஷருக்குப் பொங்கலுக்குத்தான் புதுத்துணி.

இப்படிப்பட்ட ஊரில் அண்ணன் ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்த கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தால் என்ன நடக்கும்? முதல் வேலையாகப் பல்லாவரத்தில் ஸ்கூட்டர் சீட் தைக்கிறவரிடம் அளவு கொடுத்தார். மானிட்டருக்கு ஒன்று, சிபியு பெட்டிக்கு ஒன்று, மெரூன் நிற ரெக்ஸினில். பெட்டிக்குத் தைத்தது சாதாரண உறை இல்லை. முதுகிலும் விலாவிலும் தையல் பிடித்து, முன்பக்கம் மட்டும் ஜிப் வைத்து, அந்த ஜிப்பைத் திறந்தால் சுவிட்சும் பிளாப்பி வாயும் தெரிகிற மாதிரி ஒரு கோட்டு. பின்னால் ஒயர் போக அளவாக ஓட்டை. வந்தவர்களுக்கெல்லாம் அண்ணன் கம்ப்யூட்டரைக் காட்டவில்லை, அந்த ஜிப்பைத்தான் காட்டினார். "ஓடறப்பவும் கழட்ட வேணாம். ஒரு பொட்டுத் தூசி உள்ள போவாது."

வீட்டில் சட்டங்கள் போடப்பட்டன. செருப்போடு கிட்டே வரக்கூடாது. கோட்டைக் கழற்றக்கூடாது. வெளி பிளாப்பி உள்ளே போகக்கூடாது, வைரஸ் வரும். அண்ணன் காலையில் ஆபீஸ் போகுமுன் கொஞ்ச நேரம் உட்காருவார். சாயந்திரம் எனக்கு.

நான் பிளஸ் டூவோடு நின்றவள். தமிழ், இங்கிலீஷ் இரண்டு டைப்ரைட்டிங்கிலும் ஹையர் பாஸ். மேற்குத் தாம்பரத்தில் டியூப்லைட் கடைக்கு மேல்மாடியில் ஒரு அக்கா டிடிபி சென்டர் வைத்திருந்தார். வேலை கேட்டுப் போனேன். ஒரு பள்ளிக்கூட ஆண்டு மலருக்கான கையெழுத்துக் கட்டைத் தூக்கி என் கையில் கொடுத்தார். "வூட்ல கம்ப்யூட்டர் கீதுன்ற, இத முழுசா அடிச்சு திங்கக்கெழம பிளாப்பில எடுத்தா. நீட்டா இருந்தா அன்னிக்கே சேந்துக்க." அந்த வேலைக்காக நான் எப்படித் தவித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். எந்தப் பஸ்ஸில் ஏறி எங்கே இறங்குவது, மத்தியானச் சாப்பாட்டுக்கு எந்த டப்பா என்பது வரைக்கும் முடிவாகிவிட்டது.

சாயந்திரம் உட்கார்ந்து அடிக்க ஆரம்பிப்பேன். அரைமணி, முக்கால்மணி நன்றாக ஓடும். பிறகு திரையில் அம்பு நின்றுவிடும். விசையைத் தட்டினால் பீப் என்று கத்தும். சில நாள் தானாகவே அணைந்துவிடும். ஒரு பக்கம் அடித்தால் பாதி போய்விடும். பத்திக்குப் பத்தி சேமிக்கக் கற்றுக்கொண்டேன்.

அண்ணனிடம் சொன்னால், "காலைல நான் உக்காந்தேனே, நல்லாதான ஓடுச்சு. நீ எதத் தொட்ட?"

"டைப்தாண்ணா அடிச்சேன்."

"டைப் அடிச்சா எப்பிடி நிக்கும்? கண்டதையும் அமுக்கியிருப்ப."

அவர் உட்காருவது கால்மணி, நான் உட்காருவது மூன்று மணி. இந்தக் கணக்கை யாரும் போடவில்லை, நான் உட்பட. எனக்கே என் கைமேல் சந்தேகம் வந்துவிட்டது. உட்காருமுன் விரலில் விபூதி பூசிக்கொண்டேன் என்றால் நம்புவீர்களா? அந்த விபூதி கீபோர்டுக்குள் விழுந்து, 'ம' எழுத்து சிக்கிக்கொண்டு, அதற்குத் தனியாகத் திட்டு வாங்கினேன்.

சனிக்கிழமை காலையிலேயே உட்கார்ந்து மலரை முடித்துவிட்டேன். கடைசிப் பக்கம் வரை. "நைட்டு நானே பிளாப்பில காப்பி பண்ணித் தரேன்" என்று அண்ணன் சொல்லியிருந்தார். அன்றைக்கு மத்தியானமே, ரிப்பேரைப் பார்க்கச் சொல்லி அவர் கூப்பிட்டிருந்த இன்ஜினியர் வந்துவிட்டார். வந்தவர் முதல் காரியமாகக் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். சுவிட்சைப் போட்டு, காற்றாடிக்கு அடியில் வசதியாக உட்கார்ந்து ஒரு மணி நேரம் என்னென்னவோ ஓட்டினார். ஒருமுறைகூட நிற்கவில்லை.

"மெஷின் சூப்பரா கீது சார். யாரோ தப்பா யூஸ் பண்றாங்க."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் காபி போட உள்ளே போனேன். அடுப்படியில் பால் பொங்குகிற நேரம் காதில் விழுந்தது.

"எதுக்கும் ஒரு ஃபார்மேட் போட்டு வுட்டுர்றேன் சார். உள்ள ஏதும் முக்கியமா இல்லியே?"

"ஒண்ணுமில்ல. தங்கச்சி டைப் அடிச்சுப் பழகறா, அவ்ளோதான்."

பாலை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தேன். கறுப்புத் திரையில் வெள்ளை எண்கள் ஏறிக்கொண்டிருந்தன. "அண்ணா, அதுல மலர் இருக்கு" என்றேன். இன்ஜினியர் என்னை அன்பாகப் பார்த்து, "அழிஞ்சிடிச்சே சிஸ்டர். இன்னொரு வாட்டி அடிச்சிக்கலாம், பழக்கமும் ஆவும்" என்றார். அண்ணன், "மொதல்லயே சொல்றதுக்கு என்ன?" என்றார். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததற்கு அம்மா திட்டியதும் எனக்குத்தான்.

இன்ஜினியர் போகும்போது மறக்காமல் கோட்டை மாட்டி ஜிப்பை இழுத்துவிட்டுப் போனார். அன்று சாயந்திரமே மறுபடி நின்றது. "இப்பதான ஃபார்மேட் பண்ணது. நீ கைய வெச்ச, போச்சு" என்று சொல்லி அண்ணன் பாஸ்வேர்டு போட்டுவிட்டார்.

திங்கட்கிழமை தாம்பரம் அக்காவிடம் போய் நின்றேன். "கம்ப்யூட்டர் ரிப்பேரா? எல்லாரும் சொல்றதுதாம்மா" என்று கையெழுத்துக் கட்டை வாங்கி, பக்கத்தில் உட்கார்ந்திருந்த வேறொரு பெண்ணிடம் கொடுத்தார். படியிறங்கிவிட்டேன்.

அதற்கப்புறம் ஜிப் பிய்ந்து, கோட்டு தைக்கப் போனது. அந்த வாரம் முழுவதும் மெஷின் ஓடு ஓடென்று ஓடியது. அண்ணன் ஞாயிறு முழுக்கச் சீட்டாட்டம் ஆடிவிட்டு, "பாத்தியா, நீ தொடாம இருந்தா எப்பிடி ஓடுது" என்றார். கோட்டு திரும்பி வந்தது. அடுத்த ஞாயிறு சீட்டாட்டம் பாதியில் அப்படியே நின்றது, அவர் கையிலேயே.

"கரண்ட்டு சரியில்ல" என்றார் அண்ணன்.

பெருக்கிக்கொண்டிருந்த அம்மா கோட்டின் மேல் கையை வைத்துவிட்டு வெடுக்கென்று எடுத்தார். "ஏண்டா, தோசக்கல்லு மாதிரி சுடுது. மே மாசத்துல இந்தக் கோட்ட மாட்டினா மனுஷனே மயங்கி வுழுவான், மெஷினு இன்னா பண்ணும்?"

கோட்டு கழற்றப்பட்டது. பாஸ்வேர்டும் எடுக்கப்பட்டது. நான் பல நாள் காத்திருந்தேன். மன்னிப்பு என்று பெரிதாக வேண்டாம். 'நீ இல்லையாமே' என்று போகிற போக்கில் ஒரு வார்த்தை. வரவில்லை.

பிறகு குரோம்பேட்டையில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை கிடைத்துப் பல வருஷம் இருந்தேன். நின்றுபோன கம்ப்யூட்டர் முன்னால் கையைத் தூக்கிக்கொண்டு, "நான் ஒண்ணும் பண்ணலக்கா" என்று சொல்கிறவர்களை எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். நீ என்ன பண்ணினாய் என்று யாரையும் நான் கேட்டதில்லை. அது என்ன பண்ணுச்சு என்றுதான் கேட்பேன். அந்த சென்டரும் இப்போது பிரியாணிக் கடை.

போன ஞாயிறு காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, இத்தனை வருஷத்துக்கப்புறம் அண்ணனிடம் கேட்டே விட்டேன். "அண்ணா, நம்ம பம்மல் வீட்டு கம்ப்யூட்டர் கோட்டு ஞாபகம் இருக்கா?"

அண்ணன் பேப்பரை மடித்தார். முகம் மலர்ந்துவிட்டது. "ஆமா, மெரூன் கலரு. என்னா தையலு அது. அந்த மாதிரி தைக்கற ஆளு இப்ப ஏது?"

உண்மைதான். அந்தத் தையல்காரர் இல்லை. கிரஷர் நின்றுவிட்டது, தூசி இல்லை. பம்மல் வீட்டை இடித்து நாலு மாடி கட்டியாயிற்று. கம்ப்யூட்டர் பழைய இரும்புக்காரரோடு போயிற்று. அத்தனையையும் அண்ணன் வரிசையாகச் சொல்லி வருத்தப்பட்டார். என் ஆண்டு மலர் அதில் வரவில்லை.

"அதுல நான் அடிச்ச மலர் ஒண்ணு இருந்துச்சுண்ணா" என்றேன்.

"எந்த மலரு?" என்றார் அண்ணன்.