சிவப்பு ரெக்சினில் என் பேய்கள்

எனக்குக் கோபம் வராமல் போய் ஏழு மாதம் ஆகிறது. குன்னூரில் எங்கள் தெருவில் யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் எங்கள் வீட்டு வாசலில் மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் பேசுவார். அப்படி ஒரு வாய் எனக்கு.

கழுத்தில் தைராய்டு கட்டி வந்து, கோயம்புத்தூரில் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். கெட்ட கட்டி இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. குரல் கொஞ்ச நாள் கம்மியிருந்து, பிறகு சரியாகிவிட்டது. கோபம் மட்டும் திரும்பவில்லை. சந்தோஷமும்தான். காலையில் எழுந்து மாத்திரை போட்டு, அரை மணி நேரம் கழித்துக் காபி குடிக்கிறேன். மழை பெய்தால் பெய்கிறது. மாத்திரை அளவெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்கிறார் டாக்டர்.

நான் பழைய பேய்க் காமிக்ஸ் சேர்க்கிறவள். ஒரு காலத்தில் பஸ் ஸ்டாண்ட் கடைகளில் கிளிப் மாட்டித் தொங்கிய, உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய தமிழ்ப் புத்தகங்கள். அட்டையில் வண்ணம், உள்ளே சாணித்தாளில் கறுப்பு மை. ஊட்டி, கோத்தகிரி, கூடலூர் என்று எந்த ஊர் பழைய பேப்பர் கடையையும் நான் விட்டதில்லை. குறிப்பிட்ட ஒரு மாத இதழ் மொத்தமே நாற்பதுதான் வந்து நின்றுபோனது. அதில் முப்பத்தெட்டு என்னிடம் இருந்தது.

இந்த மலையில் காகிதத்தைக் காப்பாற்றுவது உப்பைத் திறந்து வைத்துவிட்டுக் காப்பாற்றுகிற மாதிரி. ஆனி பிறந்தால் எல்லாம் நீர் கோத்துக்கொள்ளும். அதனால் உள்ளே ஈயத்தாள் ஒட்டிய பழைய தேயிலைப் பெட்டி ஒன்றில் வைத்திருந்தேன். என் வீட்டுக்காரருக்குக் கடைவீதியில் செருப்புக் கடை. ஷூ பெட்டிகளில் ஈரம் உறிஞ்சுவதற்காகப் போட்டுவரும் சின்னச் சின்னப் பொட்டலங்களைப் பொறுக்கிக்கொண்டு வந்து எனக்குக் கொடுப்பார்.

இந்தப் புத்தகங்களுக்கு மதிப்புப் போடுகிறவர்கள் கதையைப் பார்ப்பதில்லை. ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்திருக்கிறதா, முதுகு மடிந்திருக்கிறதா, கூப்பனை யாராவது கத்தரித்திருக்கிறார்களா, புதிர்ப் பக்கத்தில் பேனா பட்டிருக்கிறதா, ஓரங்கள் அச்சகத்திலிருந்து வந்தபடியே இருக்கின்றனவா, இவ்வளவுதான். இதையெல்லாம் என் வீட்டுக்காரரிடம் நான் விளக்கியதே இல்லை. "தொடாதீங்க" என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். வர்க்கி பிஸ்கட் தின்ற எண்ணெய்க் கையோடு பெட்டிப் பக்கம் வந்தார் என்று ஒருமுறை இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. ஆகவே நடந்ததில் பாதிக் குற்றம் என்னுடையது.

நான் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது அவருக்கு ஒரு யோசனை வந்திருக்கிறது. ஆசையாகச் சேர்த்து வைத்த தொடர்கதையை நம் ஆட்கள் என்ன செய்வார்கள்? பைண்டிங் செய்வார்கள். அவரும் பெட்டியை மலையிலிருந்து இறக்கி, கோயம்புத்தூர் டவுன்ஹால் பக்கம் ஒரு பைண்டரிடம் கொடுத்துவிட்டார். முப்பத்தெட்டும் நான்கு தொகுதிகளாயின. சிவப்பு ரெக்சின் அட்டை, முதுகில் தங்க எழுத்தில் என் பெயர். வீட்டுக்கு வந்த அன்று, நான் உட்காருவதற்கு முன்பே அதைக் கையில் கொடுத்தார்.

திறந்து பார்த்தேன். பின்களைப் பிடுங்கி, துளை போட்டுத் தைத்து, மூன்று பக்கமும் மெஷினில் வெட்டியிருந்தது. பின்னட்டைகளைக் காணோம். வெட்டியதில் ஒரு பேய்க்கு விரல் நுனிகள் போயிருந்தன. முப்பது வருடம் சேர்த்தது. பழைய நானாக இருந்தால் அன்று தெருவே கூடியிருக்கும். எனக்குள் தேடிப் பார்த்தேன், ஒன்றும் கிடைக்கவில்லை. "நல்லா இருக்குங்க" என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. இவருக்கு இது தெரியவே கூடாது என்று அப்போது நினைத்தேன். இந்த ஏழு மாதத்தில் நான் விரும்பியது அது ஒன்றுதான்.

சேகரிக்கிறவர்கள் நாங்கள் போனில் ஒரு குழு வைத்திருக்கிறோம். அதில் ஈரோட்டுக்காரர் ஒருவர், மதிப்பில் அவர் சொன்னால் சொன்னதுதான். ஊட்டிக்கு வருவதாகவும், வழியில் என் பேய்களைப் பார்க்க வேண்டும் என்றும் போன் செய்தார். நான் சாக்குச் சொல்வதற்குள் என் வீட்டுக்காரர் போனை வாங்கி, "நேரா நம்ம வூட்டுக்கே வந்துருங்க, பாத்தீங்கன்னா அசந்து போயிருவீங்க" என்று அழைத்துவிட்டார்.

மறுநாளே ஈரோட்டுக்காரரிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். ஆனால் இப்போதெல்லாம் எதையும் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றே இருக்கிறது. அவர் வருகிற அன்று காலையில்தான், 'பைண்டிங் ஆகிவிட்டது, என் வீட்டுக்காரர் முன்னால் எதுவும் சொல்ல வேண்டாம்' என்று செய்தி அனுப்பினேன். மலைப்பாதையில் சிக்னல் ஏது? போய்ச் சேரவில்லை.

வந்தவர் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முதல் தொகுதியைத் திறந்தார்.

"ஐயோ! ஏனுங்க, யாருங்க இந்த வேலையப் பண்ணுனது?"

"நான்தானுங்க" என்று என் வீட்டுக்காரர் முன்னால் வந்தார். பாராட்டு என்றே நினைத்துவிட்டார்.

நான் டீத் தட்டோடு நின்று கண்ணைக் காட்டினேன். ஈரோட்டுக்காரர் பார்க்கவில்லை. கையில் புத்தகம் இருந்தால் எங்கள் ஆட்களுக்கு எதிரில் இருக்கும் மனிதர் தெரியாது. சட்டைப் பையிலிருந்து சின்ன ஸ்கேலை எடுத்து ஓரத்தை அளந்தார். பின், முதுகு, பின்னட்டை என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"வெட்டாம இருந்திருந்தா இப்படி ஒரு செட்டு வேற யாருகிட்டயுமே இல்லீங்க. இனி இதுக்கு மதிப்புன்னு ஒண்ணு இல்லீங்க."

அதன் பிறகுதான் ஈரோட்டுக்காரர் என் வீட்டுக்காரரின் முகத்தைப் பார்த்தார் போலிருக்கிறது. "படிக்கறதுக்கு நல்லா இருக்கும்ங்க" என்று சேர்த்துக்கொண்டார். பாதி டீயோடு கிளம்பிவிட்டார்.

என் வீட்டுக்காரர் வாசல் வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தார்.

"அன்னைக்கே உனக்குத் தெரியுமா, அம்மணி?"

"தெரியும்ங்க."

"அப்பறம் ஏன் ஒண்ணும் சொல்லல?"

நீங்கள் வருத்தப்படுவீர்கள் என்று சொல்லியிருக்கலாம். அது பாதி உண்மைதான். "கோவம் வரலீங்க" என்றேன்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "இப்பவாச்சும் ரெண்டு வார்த்தை திட்டிரு" என்றார். இருபத்தாறு வருடத்தில் என்னிடம் எது எதுவோ கேட்டிருக்கிறார், இதைக் கேட்டதில்லை.

பாவமாக இருந்தது. முயன்று பார்த்தேன். "உங்களுக்கு மூளைன்னு ஒண்ணு இருக்குதா, இல்ல கடையிலயே வெச்சுப் பூட்டிட்டு வந்துட்டீங்களா?" நான் வழக்கமாகச் சொல்வதுதான். ரேஷன் கடையில் கார்டு நம்பர் சொல்கிற குரலில் வந்தது. அவர் அடுத்த வார்த்தைக்காகக் காத்திருந்தார். என்னிடம் அடுத்தது இல்லை.

அவர் என் கழுத்துத் தழும்பையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது.

"டாக்டரு அந்தக் கட்டிய மட்டுந்தானே எடுத்தாரு?" என்று கேட்டார்.