மேட்டு வீட்டுக் குழாய்

பக்கத்து வீட்டுக்குள் கேட்காமலே நுழைந்து, சொட்டிக்கொண்டிருந்த குழாயை இறுக்கித் திருகிவிட்டு வெளியே வருகிறார் எங்கள் ஊர் அக்கா. வீட்டுக்காரப் பெண் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்க்கிறார். "என்னக்கா, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீ வர்றதுக்குள்ள அரைக் குடம் போயிருக்கும்டி."

பேருந்து நிலையம், ஆஸ்பத்திரி என்று எங்கே போனாலும் இதே கதைதான். ஒருமுறை முடிதிருத்தும் கடைக்குள் புகுந்து, ஒருவர் முகம் நிறைய சோப்பு நுரையோடு கழுவக் குனிந்திருக்கும்போதே குழாயை மூடிவிட்டு வந்துவிட்டாராம். எல்லோருக்கும் அவர் 'வால்வு அக்கா'. சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் தபால்காரரே கொஞ்சம் யோசிப்பார்.

குட்டையான உருவம். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ். தெரு வால்வுகளைத் திறக்கும் இரும்புச் சாவி ஏறக்குறைய அவர் உயரம் இருக்கும். அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவர் நடந்தால், நாய்கள்கூட ஓரமாக ஒதுங்கும். எங்கள் குடிநீர்ச் சங்கத்தின் தலைவி அவர்தான். சங்கத்தின் அலுவலகம் முன்பு கோழிக் கொட்டகையாக இருந்தது. மழை பெய்தால் இன்னும் பழைய வாசம் வரும். "முட்டை ஒண்ணுதான் இன்னும் போடல" என்பார் சங்கத்தில் குழாய் வேலை பார்க்கும் பிட்டர்.

நான் பிறந்தபோதே எங்கள் வீட்டில் குழாய் இருந்தது. கதவைத் திறந்தால் வெளிச்சம் வருவதுபோல, திருகினால் தண்ணீர் வருவதும் இயற்கை என்றே நினைத்திருந்தேன். பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு வேலையில்லாமல் சுற்றிய நாட்களில்தான் அவர் பின்னால் நடக்க ஆரம்பித்தேன். நான் மிதிக்கும் தெருவுக்குக் கீழே என்ன ஓடுகிறது என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

முதலில் இருந்தது பள்ளத்து ஊற்று ஒன்றுதான். அவரும் அவர் தெருப் பெண்கள் சிலரும் பழைய எண்ணெய்ப் பீப்பாய்களைப் பற்றவைத்து, பாறைமேல் தூக்கி வைத்துத் தொட்டி ஆக்கினார்கள். அவரவர் வாசலில் குழாய் பதிக்கும் பள்ளத்தை அவரவர்தான் வெட்ட வேண்டும் என்பது சட்டம். வாத்தியாரும் வெட்டினார், கடைக்காரரும் வெட்டினார். பிள்ளைத்தாய்ச்சி வீட்டுக்கு மட்டும் தெருவே சேர்ந்து வெட்டியது. அடுத்த ஊர் வந்து கேட்டது. அதற்கடுத்த ஊரும் கேட்டது. ஆழ்துளைக் கிணறு வந்தது, மோட்டார் வந்தது, நெடுங்கால்களில் சிமெண்டுத் தொட்டி எழுந்தது. இன்று ஏழு கிராமங்கள் அந்தத் தொட்டியை நம்பி உலை வைக்கின்றன. அதன் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் எனக்குத் தலை சுற்றும். அவர் அண்ணாந்து பார்ப்பதே இல்லை. கசிகிறதா என்று தரையைத்தான் பார்ப்பார்.

தண்ணீர் ஏறாமல் இருந்தது ஒரே ஒரு மேடுதான். அங்கேதான் அவருடைய தங்கை வீடு. முதல் குழாய் பதித்தபோது நீளம் போதவில்லை. மேட்டுக்குக் கொண்டுபோகலாம், அல்லது கீழ்த் தெருவுக்குக் கொண்டுபோகலாம். அக்கா கீழ்த் தெருவுக்குக் கொண்டுபோனார். "தங்கச்சி வீட்டுக்கு இழுத்துக்கிட்டாள்னு ஒரு பேச்சு கிளம்பினா, அப்புறம் எவன் பள்ளம் வெட்ட வருவான்?" அதன்பிறகு ஒவ்வொரு முறையும் வேறோர் ஊர் முந்திக்கொண்டது. தங்கை அக்காவோடு பேசுவதை நிறுத்தினார். பேத்தி பிறந்த செய்தியைக்கூடப் பிட்டர்தான் வந்து சொன்னார்.

போன வாரம் மேட்டுக்குக் குழாய் போய்ச் சேர்ந்தது. மோட்டார் ஓடியது. தங்கை வாசலில் கைகட்டி நின்றார். குழாயைத் திறந்து வைத்தார்கள். லேசாகப் புஸ்ஸென்றது, அவ்வளவுதான். கீழே ஒவ்வொரு வீட்டிலும் "புதுத் தண்ணி வருதான்னு பாக்கத்தான்" என்று குழாயைத் திறந்துவிட்டிருந்தார்கள். வழியெல்லாம் திறந்திருந்தால் தண்ணீர் எப்படி மேலே ஏறும்?

"அக்கா, இன்னிக்கு வேணாம், நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றார் பிட்டர்.

"இன்னிக்கு வரலன்னா அவ ஜென்மத்துக்கும் என்கிட்ட பேசமாட்டா."

பூட்ஸ் சத்தம் கேட்க இறங்கி ஓடினார். வீடு வீடாக நுழைந்து மூடினார். ஒவ்வொரு குழாயின் முன்னும் ஒரு வாளியைக் கவிழ்த்து, வீட்டுக்காரரை அதன்மேல் உட்கார வைத்தார். "எந்திரிச்சீங்க, இந்தச் சாவியாலயே போடுவேன்." பழைய வாத்தியாரும் கைகளை மடியில் வைத்துக்கொண்டு ஒழுங்காக உட்கார்ந்தார்.

மூச்சு வாங்க மேட்டுக்குத் திரும்பி வந்தோம். தண்ணீர் வரவில்லை. புஸ் சத்தம்கூட இல்லை. அவர் குழாய் பதித்த மண்ணைப் பார்த்தார், பிட்டரைப் பார்த்தார்.

"இறங்கிப் போறப்போ நீதானே மூடிட்டுப் போனே" என்று ஒரு குரல் கேட்டது. தங்கைதான்.

எல்லோரும் குழாயைப் பார்த்தோம். இறுக மூடியிருந்தது. உள்ளே இருக்கும் காற்று வெளியேற வழியில்லாமல் தண்ணீர் பாதியிலேயே நின்றிருக்கிறது. அக்காவின் கை பழக்கத்தில் செய்த வேலை.

"பாத்துக்கிட்டுத்தானே நின்னே? திறந்து விட்டா என்ன?"

"நான் எதுக்குத் திறக்கணும்? உன் குழாய்."

"என் குழாயா? உன் குழாய்டி. நீயே திற."

தங்கை கட்டியிருந்த கையைப் பிரித்தார். திருகினார். குழாய் சீறியது, இருமியது, செம்மண் நிறத்தில் துப்பியது. பிறகு தெளிந்து கொட்டியது. தங்கை குடம் எதுவும் வைக்கவில்லை. இரண்டு கைகளையும் நீட்டி, தண்ணீர் மணிக்கட்டில் விழுந்து வழிந்தோட, அப்படியே நின்றார். வாசலில் ஓடை கிளம்பியது.

வால்வு அக்காவின் வலது கை குழாயை நோக்கி நீண்டது. பாதியில் நின்றது. அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், இடது கையால் இறுகப் பிடித்துக்கொண்டார்.