முழங்கால் தேய்ந்த அங்கி

தெருவில் அவளுக்கு 'ரெண்டாம் அளவு' என்று பட்டப்பெயர். யாருக்கு எது தைத்தாலும், அளவு கொடுத்துவிட்டு வாசல் வரை போனவர்களைத் திரும்பக் கூப்பிட்டு இன்னொரு முறை அளப்பாள். பூட்டிய கதவையும் அணைத்த அடுப்பையும்கூட ரெண்டாம் முறை பார்க்காமல் விடமாட்டாள். முப்பது வருடத் தையலில் ஒரு துணியும் அவளைத் தலைகுனிய வைத்ததில்லை, போதகரின் வெள்ளை அங்கியைத் தவிர.

தைத்துக் கொடுத்த எட்டே மாதத்தில், முழங்கால் பக்கம் இரண்டு இடத்தில் நூல்நூலாகப் பிரிந்து திரும்பி வந்தது. துணிதான் மட்டம் என்று கடைக்காரரிடம் ஒரு பாட்டம் சண்டை போட்டாள். அதைவிடக் கனமான துணியில் புதிதாக ஒன்று தைத்தாள். இப்போது அதுவும் மேசைமேல் கிடந்தது. அதே இரண்டு இடம்.

"உன் கைராசி போச்சுன்னு ஊரே சொல்லப்போகுது," என்றார் கணவர், செய்தித்தாளை இறக்காமல்.

"ஊரு கிடக்கட்டும். உங்க பேன்ட்டுல முழங்கால் என்னைக்காவது தேய்ஞ்சிருக்கா? உங்களுக்கெல்லாம் உட்கார்ற இடந்தானே தேயும்!"

செய்தித்தாள் இன்னும் கொஞ்சம் உயர்ந்தது. கேலியாகச் சொன்னதுதான், ஆனால் சொன்ன பிறகு அவளுக்கே என்னவோ போலிருந்தது.

போதகரை மாற்றச் சொல்லி மேலிடத்துக்குச் சபையார் அனுப்பும் கடிதம் அன்று மாலை தபாலுக்குப் போகவிருந்தது. எழுதியவர் அவளுடைய அண்ணன், சபைச் செயலாளர். "வீடு சந்திக்க வர்றதில்ல, பகல்ல ஆளையே பார்க்க முடியல, என்னதான் பண்றாரோ" என்பது அவர் குற்றச்சாட்டு. அவளும் கையெழுத்துப் போட்டிருந்தாள். மகள் ஆஸ்பத்திரியில் கிடந்த பத்து நாளில் போதகர் ஐயா ஒரே ஒரு தடவைதான் எட்டிப் பார்த்தார். அந்தக் குறை அவளுக்குள் ஆறாமல் கிடந்தது.

ஒட்டுப்போட்ட அங்கியைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு, மதியம் ஆலயத்தின் பக்கவாசலுக்குப் போனாள்.

உள்ளே யாருமில்லை என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு முன்வரிசைக்கும் பீடத்துக்கும் நடுவில், வெறும் சிமெண்ட் தரையில், பழைய அங்கியோடு முழங்காலில் நின்ற போதகர் கண்ணில் பட்டார். எதிரே சபையார் பட்டியல் விரித்துக் கிடந்தது. ஒவ்வொரு வரியாக விரல் வைத்து, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வதுபோல் சன்னமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வெளிநாட்டில் தனியாக வேலை பார்க்கிற ஒரு பெண்ணின் பயம். ஒருவருடைய குடி. பிறகு, "தையற்காரம்மா மக, ஆண்டவரே. மூச்சு சீராயிடுச்சு, ஸ்தோத்திரம். அந்தம்மாவுக்கு இன்னும் பயம் போகல. அதையும் எடுத்துப்போடும்."

பயம் போகவில்லை என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை, கணவரிடம்கூட. கால் தானாகச் செருப்பைக் கழற்றியது. விரல் அடுத்த வரிக்கு நகர்ந்தது. "நம்ம செயலாளர், ஆண்டவரே. கோபப்படுறார், நியாயந்தான். அவர் முதுகுவலியை நீர் பார்த்துக்கொள்ளும்."

இதற்குமேல் கேட்பது திருட்டு என்று தோன்றியது. அங்கியைக் கொடுக்காமலே திரும்பி, நேராக அண்ணனின் கடைக்குப் போய், கல்லாமேல் அதை விரித்தாள்.

"அண்ணே, என் பேரை அடிச்சிடுங்க."

"ஏன், யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"விரலை வெச்சுப் பாருங்க. ரெண்டாவது அங்கியும் அதே முழங்கால் பக்கந்தான் போச்சு."

அவர் ஒட்டுக்குமேல் தடவிப் பார்த்தார். "ஒரு கிழிசலை வெச்சுக்கிட்டு என்னைத் திருத்த வந்துட்டியா?"

"நான் திருத்தல. நாளைக்கு மதியம் பக்கவாசல் வழியா போங்க. செருப்பு மட்டும் வெளிய இருக்கட்டும். அதுவரைக்கும் கடிதம் இங்கயே கிடக்கட்டும்."

அவர் முணுமுணுத்தார். ஆனால் கடிதம் அன்று போகவில்லை.

மறுநாள் மாலை அங்கியின் உட்புறம், முழங்கால் படுகிற இடத்தில், வெளியே தெரியாமல் பஞ்சு வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். அண்ணன் வந்து, நாற்காலியில் உட்காராமலே சட்டைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்து, வெட்டுத்துணிக் கூடையில் போட்டார்.

"ஐயாவுக்குத் தெரியுமா, நீ இப்படி உள்ள பஞ்சு வைக்கிறது?"

"தெரிஞ்சா பிரிச்சிடச் சொல்லுவார்."

அவர் குனிந்து தம் முழங்காலைத் தேய்த்துக்கொண்டார்.

"இன்னும் கொஞ்சம் கனமா வை. தரை ரொம்ப சில்லுன்னு இருக்கு."