சுவருக்குள் மடங்கும் வீடு

அவனுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. மரச்சாமான் கடையில் யாருக்கும் அது நினைவில்லை. எல்லோருக்கும் அவன் ‘மடக்கு’. வாங்கியவர்கள் வீட்டுக்குப் போய்க் கட்டிலும் அலமாரியும் பொருத்திக் கொடுப்பது அவன் வேலை. எதைப் பார்த்தாலும் இதை மடக்கி வைக்க முடியுமா என்று யோசிப்பான். அப்படி வந்த பெயர்தான். பகலெல்லாம் பந்து விளையாடும் அளவுக்குப் பெரிய படுக்கையறைகளில் நின்று வேலை பார்த்துவிட்டு, மாலையில் தன் ஒற்றை அறைக்குத் திரும்புவான். பொறாமையா? அதற்கெல்லாம் அவனுக்கு நேரமில்லை. “இத்தனையையும் யாரு கூட்டிப் பெருக்குறது?” என்பதோடு அந்த யோசனை முடிந்துவிடும்.

அந்த ஊரில் குடியிருக்க ஒரு சம்பளம் வேண்டும், சாப்பிட இன்னொரு சம்பளம் வேண்டும். அதனால் மனைவி தெருமுனைச் சலவைக் கடையில் இஸ்திரி போட்டாள். இரண்டு சம்பளம் வந்தும் மாதக் கடைசி இழுபறிதான். ஆனாலும் அந்த அறையை விட்டுவிட முடியாது. மகளின் பள்ளிக்கூடம் கூப்பிடு தூரம், சலவைக் கடை அதைவிடப் பக்கம். ஊருக்கு வெளியே போனால் வாடகை குறையும். பஸ் செலவில் அது போய்விடும், மனைவியின் வேலையும் கூடவே போய்விடும்.

ஆகவே அவன் அறையை மடக்கினான். கடையில் கீறல் விழுந்து ஒதுக்கிய பலகைகளை முதலாளியிடம் கேட்டு வாங்கி வந்து, வீட்டில் இருந்த ஒவ்வொன்றுக்கும் கீல் போட்டான். கட்டில் எழுந்து சுவரோடு நின்றது. சாப்பாட்டு மேசை அதன் பக்கத்தில் தொங்கியது. மகள் எழுதும் பலகையைக் கதவின் முதுகில் பொருத்தினான். அவள் வீட்டுப்பாடம் முடிக்கும்வரை யாரும் வெளியே போக முடியாது என்பது மட்டும்தான் குறை. அது குறையே இல்லை என்றாள் மனைவி.

வாடகை ஒப்பந்தத்தை வருடம் ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதற்குமுன் வீட்டுக்காரம்மா மாடியேறி வந்து அறையைப் பார்ப்பார். இந்த வருடம் பக்கத்து அறைகளுக்கெல்லாம் வாடகையை ஏற்றிவிட்டார் என்று தெரிந்ததும் மனைவிக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

“நீ ஏன் பயப்படுற? நாம எவ்வளவு சுத்தமா வச்சிருக்கோம்னு பார்த்தாலே மனசு இளகிடும்” என்றான் மடக்கு.

சொன்னதோடு நிறுத்தினானா? கட்டில், மேசை, பலகை, துணி காயப்போடும் கம்பி, இஸ்திரிப் பலகை என்று ஒன்று விடாமல் மடக்கினான். மகளின் செருப்பைக்கூட உள்ளே தள்ளினான். தரையை முகம் தெரியும்படி துடைத்துவிட்டு, பெண் பார்க்க வருகிறவர்களை எதிர்பார்ப்பவன்போல வாசலில் நின்றான்.

வீட்டுக்காரம்மா உள்ளே வந்தார். நடு அறையில் நின்று ஒரு சுற்றுச் சுற்றினார். அவர் குரல் நாலு சுவரிலும் பட்டு எதிரொலித்தது.

“ஏன் தம்பி, இந்த ரூம் இவ்வளவு பெருசா? இதையா இந்த வாடகைக்கு விட்டு வச்சிருக்கேன்!”

மடக்கின் முகத்தில் ஈயாடவில்லை. அவர் அங்கேயே ஒரு புது வாடகையும் சொன்னார். சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே, அது இதுதான். மனைவி அவனைப் பார்த்த பார்வையில் பால் திரிந்திருக்கும்.

“எல்லாத்துக்கும் கீல் போட்டீங்களே, உங்க வாய்க்கு ஒண்ணு போட்டுக்கக் கூடாதா?” என்று பல்லைக் கடித்தாள்.

அவன் கைக்குத்தான் வேலை தெரியும். “அம்மா, ஒரு நிமிஷம் அப்படியே நில்லுங்க” என்று சொல்லிக் கட்டிலை இறக்கினான். மேசையை விரித்தான். கம்பியை இழுத்து மாட்டினான். மனைவி புரிந்துகொண்டு இஸ்திரிப் பலகையை நீட்டினாள். மகள் கதவைச் சாத்தித் தன் பலகையைத் தூக்கி நிறுத்தினாள். வீட்டுக்காரம்மா மேசைக்கும் கட்டிலுக்கும் நடுவே அகப்பட்டுக்கொண்டார். முன்னால் போக வழியில்லை, பின்னால் போகவும் வழியில்லை. தலைக்கு மேல் பள்ளிச் சீருடை தொங்கியது.

“போதும்ப்பா, போதும்! மூச்சு முட்டுது” என்றவர் வேறு வழியில்லாமல் கட்டிலில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவருக்கு மெல்லச் சிரிப்பு வந்தது. கட்டிலைத் தட்டிப் பார்த்தார், கீலைத் தடவிப் பார்த்தார்.

“பழைய வாடகையே குடு. ஆனா ஒண்ணு, கீழ என் இடத்தையும் வந்து பாரு.”

அன்றே போனான். வீட்டுக்காரம்மா என்றால் கூடமும் தாழ்வாரமுமாக வாழ்வார் என்று நினைத்திருந்தவன் வாசலிலேயே நின்றுவிட்டான். கணவர் போனபிறகு அறை அறையாக வாடகைக்கு விட்டுவிட்டு, கடைசியில் மாடிப்படிக்குக் கீழே இருந்த சின்ன அறைக்கு வந்து சேர்ந்திருந்தார். கட்டிலும் பீரோவும் போக நிற்க இடமில்லை. இருந்த ஒரே ஜன்னலைப் பீரோ அடைத்துக்கொண்டிருந்தது. பகலிலும் விளக்கு எரிந்தது.

“இந்த ஊருல வீடு இருந்தா மட்டும் போதுமா தம்பி? சாப்பிடவும் வேணுமே” என்றார் அவர், யாரையோ பற்றிச் சொல்வதுபோல. மடக்குக்கு மனசு கனத்துவிட்டது. இவரையா இத்தனை நாள் மனசுக்குள் திட்டினோம் என்றிருந்தது.

விடுமுறை நாளில் மனைவியும் மகளும் கூட வந்தார்கள். கட்டிலை எதிர்ச் சுவரில் கீல் போட்டு ஏற்றினான். காலியான சுவருக்குப் பீரோவை மூவருமாக நகர்த்தினார்கள். துருப்பிடித்த கொக்கியைத் தட்டி ஜன்னலைத் திறந்ததும் தெரு முழுவதும் உள்ளே வந்தது. வீட்டுக்காரம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெகுநேரம் பேசவே இல்லை.

மறுநாளிலிருந்து பேசினார். யார் எத்தனை மணிக்கு வருகிறார்கள், யார் கதவை அடித்துச் சாத்துகிறார்கள், யார் குப்பையை வாசலில் வைக்கிறார்கள் என்று ஒன்றும் அவர் கண்ணுக்குத் தப்பவில்லை. குடியிருப்பவர்கள் எல்லோரும் மடக்கைத் தேடி வந்து திட்டினார்கள். “அந்த பீரோ அங்கேயே இருந்திருக்கக் கூடாதா, பாவி?”

அவன் சிரித்துக்கொண்டான். மாலையில் களைத்துத் தெருவில் திரும்பும்போதே ஜன்னலிலிருந்து குரல் வரும்.

“ஏண்டா இவ்வளவு லேட்டு? பிள்ளை ரெண்டு தடவை வந்து பார்த்துட்டுப் போச்சு!”

தம்பி எப்போது ‘டா’வானான் என்று அவனுக்கு நினைவில்லை. “இதோ வந்துட்டேம்மா” என்று நடையை எட்டிப் போடுவான்.